கரையானுக்கு எத்தனை லிட்டர்?

1,000 சதுர அடியில் ஒரு வீடு எழும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். அஸ்திவாரம் முடிந்து, உள்ளே மண் கொட்டி, தண்ணீர் விட்டு இடித்துக் கெட்டித்தாகிவிட்டது. தரைக் கான்கிரீட் போடுவதற்கு முன்னால் கரையான் மருந்து அடிக்க ஆள் வருகிறார். கட்டடங்களைக் கரையானிடமிருந்து காப்பதற்கென்று இந்தியத் தரநிர்ணய அமைவனம் வகுத்த ஐ.எஸ். 6313 என்ற நெறி இருக்கிறது. நிரப்பிய மண்ணின் மேற்பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு 5 லிட்டர் கரைசல் இறங்க வேண்டும் என்கிறது அதன் இரண்டாம் பகுதி. 1,000 சதுர அடி என்பது ஏறக்குறைய 93 சதுர மீட்டர். ஆக 465 லிட்டர். அஸ்திவாரக் குழிகளுக்கும் சுவரோரங்களுக்கும் உள்ள கணக்கு தனி. இமிடாகுளோபிரிட் 30.5 சதவீத மருந்தை லிட்டருக்கு 2.1 மில்லி கலப்பது என்றால், தரைக்கு மட்டும் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் மருந்து செலவாகும். குளோர்பைரிஃபாஸ் 20 சதவீத மருந்தை 1 லிட்டருக்கு 19 லிட்டர் தண்ணீர் என்று கலந்தால் 23 லிட்டர் மருந்து வேண்டும். முதுகில் மாட்டும் 16 லிட்டர் தெளிப்பானோடு ஒருவர் வந்தால், அதை 29 தடவை நிரப்பியாக வேண்டும். இரண்டு தடவை நிரப்பி, மண்ணை ஈரமாக்கி, அரைமணி நேரத்தில் கையைக் கழுவிக்கொண்டு கிளம்பினால் யாருக்குத் தெரியும்? மறுநாள் மேலே கான்கிரீட் விழுந்துவிடும். மருந்து போதவில்லை என்பது கதவு நிலையில் மண்கோடு ஏறும்போதுதான் தெரியவரும். அதற்குள் மூன்று வருடமோ ஐந்து வருடமோ ஓடியிருக்கும்.

பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழிலின் உரிமம், செலவு, சந்தை ஆகிய மூன்று கேள்விகளும் இந்த 465 லிட்டருக்குள் அடங்கியிருப்பதாகவே நான் நினைக்கிறேன். தச்சர் செய்த அலமாரியை இழுத்துப் பார்க்கலாம். பிளம்பர் மாட்டிய குழாயைத் திறந்து பார்க்கலாம். கரையான் மருந்தில் அப்படிப் பார்க்க ஒன்றும் இல்லை. கரையான் வராமல் இருந்தால் அது மருந்தின் வேலையா, அந்த மண்ணில் கரையானே இல்லையா என்று வீட்டுக்காரரால் சொல்ல முடியாது. கரையான் வந்தாலும் மருந்து குறைந்ததா, பக்கத்துக் காலிமனையிலிருந்து புது வழி கண்டுபிடித்ததா என்ற வாதத்துக்கு எப்போதும் இடமிருக்கும். தரத்தைக் கண்ணால் காண முடியாத பொருளை வாங்குபவர் கண்ணுக்குத் தெரிகிற ஒன்றைப் பிடித்துக்கொள்வார். அது விலை. சதுர அடிக்கு இவ்வளவு என்று மூன்று பேரிடம் கேட்டு, குறைவாகச் சொன்னவரைக் கூப்பிடுகிறார். முழு அளவு மருந்து அடிப்பவர் இந்தப் போட்டியில் ஜெயிக்க வழியில்லை. அவருடைய செலவு கரைசலோடு சேர்ந்து மண்ணுக்குள் போய்விடுகிறது. வாரன்ட்டி இருக்கிறதே என்பார்கள். பெரும்பாலான வாரன்ட்டிகள் மறுபடி வந்து மருந்து அடித்துத் தருவதாகச் சொல்கின்றனவே தவிர, அரித்துப்போன நிலைக்கும் அலமாரிக்கும் பொறுப்பேற்பதில்லை. அதுவும் அந்த நிறுவனம் அதே பெயரில், அதே செல்போன் எண்ணில் அப்போதும் இருந்தால்தான்.

இந்த இடத்தில்தான் சட்டம் வந்து நிற்க வேண்டும். நம் சட்டம் எங்கே நிற்கிறது என்று பார்க்க அது பிறந்த கதையைப் பார்க்க வேண்டும். 1958-ல் கேரளத்திலும் அன்றைய சென்னை மாநிலத்திலும் 100-க்கும் மேற்பட்டவர்கள் நஞ்சேறி இறந்தார்கள். அவர்கள் சாப்பிட்ட இறக்குமதிக் கோதுமை மாவில் பாரத்தியான் என்ற பூச்சிமருந்து கலந்திருந்தது. கப்பலில் மாவும் மருந்தும் ஒன்றாக வந்ததன் விளைவு அது. நீதிபதி ஷா தலைமையில் விசாரணைக் கமிஷன் அமைந்தது. அதன் தொடர்ச்சியாக வந்ததுதான் 1968-ம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டமும் 1971-ம் ஆண்டின் விதிகளும். மருந்தை எப்படித் தயாரிப்பது, எதில் அடைப்பது, எங்கே வைப்பது, யார் விற்பது என்பதே இந்தச் சட்டத்தின் கவலை. சரக்கு வழிதவறிச் சாப்பாட்டுக்குள் வந்துவிட்ட விபத்திலிருந்து பிறந்த சட்டத்துக்கு அந்தக் கவலை இருப்பது நியாயம்தான். டப்பாவின் மீது சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று நஞ்சின் கடுமையைக் காட்டும் அடையாளம் கட்டாயமானது இதனால்தான். ஆனால் அந்த டப்பாவைத் திறந்து, ஒருவர் வீட்டுச் சமையலறையில் மண்டியிட்டு அடிக்கிற ஆள் இந்தச் சட்டத்தின் கண்ணில் பட்டதெல்லாம் பின்னால்தான். பட்டபோதும் அரைகுறையாகவே பட்டார்.

வணிகரீதியான பூச்சிக் கட்டுப்பாட்டுக்கு உரிமம் வேண்டும் என்பது பூச்சிக்கொல்லி விதிகளின் 10-வது விதியில் வருகிறது. உரிமம் கேட்பவர் வேளாண்மைப் பட்டதாரியாகவோ வேதியியல் படித்த அறிவியல் பட்டதாரியாகவோ இருக்க வேண்டும். குறைந்தது 15 நாள் பயிற்சி பெற்ற சான்றிதழும் வேண்டும். பயிற்சிக்கு விதி பெயர்சொல்லும் இடங்கள் மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம், ஹாப்பூரில் உள்ள தானியச் சேமிப்பு நிறுவனம், ஹைதராபாதில் உள்ள தாவரப் பாதுகாப்பு நிறுவனம் போன்றவை. மதுரையிலோ சேலத்திலோ தொழில் தொடங்குபவருக்கு எல்லாமே வெளியூர். பயிற்சிக் கட்டணத்தோடு பயணம், தங்கும் செலவு, பதினைந்து நாள் வருமான இழப்பு. இதை அதிகம் என்று நான் சொல்ல மாட்டேன். நஞ்சைக் கையாளும் தொழிலுக்கு 15 நாள் படிப்பு குறைவுதான். என் புகார் வேறு. அந்தப் படிப்பு உரிமதாரரோடு நின்றுவிடுகிறது. அவரிடம் வேலைக்குச் சேர்ந்து, தெளிப்பானைச் சுமந்து, நாளுக்கு நாலு வீடு ஏறி இறங்கும் பையனுக்குத் தனியாகத் தேர்வும் இல்லை, அடையாளச் சான்றும் இல்லை. வேலையாட்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சியும் உடையும் மருத்துவப் பரிசோதனையும் தர வேண்டும் என்று விதிகள் முதலாளியிடம் சொல்கின்றன. தரப்பட்டதா என்று வீட்டுக்காரர் கேட்டுப் பார்க்க ஒரு துண்டுக் காகிதம்கூடக் கிடையாது. மறுபக்கம், இருபது வருடம் கரையானோடு மல்லுக்கட்டி, மண்ணைத் தொட்டே ஈரம் சொல்லும் ஆள், பட்டம் இல்லாததால் சொந்தப் பெயரில் உரிமம் எடுக்க முடியாது. பட்டம் ஒருவரிடம், கை இன்னொருவரிடம் என்று பிரித்து வைத்தால் பட்டம் வாடகைக்குப் போவதற்கான ஆசையைச் சட்டமே ஊட்டுகிறது என்றுதான் பொருள்.

மேற்பார்வை யார் கையில் என்பது அடுத்த முடிச்சு. பூச்சிக்கொல்லிச் சட்டம் மாநிலங்களில் வேளாண்மைத் துறை வழியாக நடக்கிறது. அந்த அலுவலர்களின் நாள் உரக்கடை, மருந்துக்கடை, மாதிரி எடுப்பது, காலாவதிச் சரக்கைப் பிடிப்பது என்று போகிறது. அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாவது மாடியில் மூட்டைப்பூச்சிக்கு என்ன அடிக்கிறார்கள் என்று பார்க்க அவர்களுக்கு ஆளும் இல்லை, பழக்கமும் இல்லை. போதாததற்கு, சொந்த வீட்டு உபயோகத்துக்கு ஒருவர் பூச்சிமருந்து பயன்படுத்துவதைச் சட்டத்தின் 38-வது பிரிவு விலக்கி வைத்திருக்கிறது. அது தேவையான விலக்கு. கரப்பானுக்கு ஸ்பிரே அடிப்பவரை யாரும் கோர்ட்டுக்கு இழுக்கப் போவதில்லை. ஆனாலும் இதன் நிகர விளைவாக, வீட்டு வாசலுக்கு உள்ளே நடப்பது நடைமுறையில் யாருடைய பார்வையிலும் இல்லாமல் போய்விட்டது. 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில் எலித் தொல்லைக்காக நிறுவனத்து ஆட்கள் வந்து வீட்டுக்குள் மருந்து வைத்துவிட்டுப் போனார்கள். அதன் பிறகு அந்த வீட்டின் இரண்டு சிறு குழந்தைகள் இறந்தார்கள். பெற்றோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். கைதும் விசாரணையும் பிறகு வந்தன. எந்த மருந்தை, எந்த அறையில், எவ்வளவு வைக்கலாம் என்று வைத்த கைக்குத் தெரிந்திருக்க வேண்டிய நேரம் அதற்கு முந்தியது. அலுமினியம் பாஸ்பைடு போன்ற மருந்து காற்றிலுள்ள ஈரத்தோடு சேர்ந்தாலே பாஸ்பின் வாயுவாக மாறும். அந்த நஞ்சுக்கு முறிவு மருந்து கிடையாது. அதனால்தான் அதன் விற்பனையை அரசு அமைப்புகளுக்கும் நிபுணர் மேற்பார்வையில் இயங்கும் பூச்சிக் கட்டுப்பாட்டாளர்களுக்கும் என்று அரசு சுருக்கி வைத்திருக்கிறது. விற்பவருக்குப் போட்ட கடிவாளம் அவ்வளவு இறுக்கம். பயன்படுத்தும் கைக்குப் போட்டது அவ்வளவு தளர்வு.

இனி செலவு. தொழிலின் நேர்மையையும் நேர்மையின்மையையும் வரவுசெலவுக் கணக்கு எப்படித் தீர்மானிக்கிறது என்று பார்க்காமல் உரிமத்தைப் பற்றி மட்டும் பேசுவது பாதிப் பேச்சு. பூச்சிக் கட்டுப்பாட்டுச் சேவைக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். 10,000 ரூபாய் வேலைக்குப் பதிவு பெற்ற நிறுவனம் 11,800 ரூபாய் பில் போட வேண்டும். வருடத்துக்கு 20 லட்சத்துக்குள் சேவை வரவு உள்ளவர் பதிவு செய்யத் தேவையில்லை. அவர் 10,000-க்கே முடிப்பார். உணவகத்துக்கும் தொழிற்சாலைக்கும் அந்த 1,800-ஐ வரவு வைத்துக்கொள்ளும் வாய்ப்பு பல நேரங்களில் உண்டு. வீட்டுக்காரருக்கு அது முழுக்கச் செலவு. 20 லட்சம் என்பது மாதம் ஒன்றே முக்கால் லட்சத்துக்கும் குறைவு. மூன்று நாலு ஆட்களை வைத்து ஓட்டும் ஒருவர் சீக்கிரமே அந்தக் கோட்டைத் தொட்டுவிடுவார். 50 லட்சம் வரை தொகுப்புத் திட்டத்தில் 6 சதவீதம் கட்டிவிட்டுப் போகலாம், ஆனால் அதை வாடிக்கையாளரிடம் தனியாக வாங்க முடியாது. தன் லாபத்திலிருந்து தர வேண்டும். ஆட்கள் பத்தைத் தொட்டால் இ.எஸ்.ஐ., இருபதைத் தொட்டால் பி.எஃப். ஒவ்வொரு படியிலும் ஒழுங்காக வளர்பவருக்குச் செலவு கூடுகிறது, வளராமல் அல்லது வளர்ந்ததைக் காட்டாமல் இருப்பவருக்குக் கூடுவதில்லை. இந்த வரிகளும் காப்பீடுகளும் தவறு என்று சொல்ல வரவில்லை. அவற்றைச் சுமப்பவர் வாடிக்கையாளரிடம் காட்டிக்கொள்ள ஒன்றும் இல்லை என்பதுதான் கோணல்.

மருந்தின் விலையும் இதே திசையில்தான் தள்ளுகிறது. டைகுளோர்வாஸ் என்ற மருந்து நீண்டகாலம் இந்தத் தொழிலின் மலிவான ஆயுதமாக இருந்தது. நெடியும் தூக்கலாக இருக்கும், கரப்பான் துடித்து விழுவது கண்ணுக்குத் தெரியும், வாடிக்கையாளரும் 'மருந்து வேலை செய்கிறது' என்று நம்புவார். 2018-ல் வெளிவந்த மத்திய அரசின் ஆணைப்படி 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு அதற்குத் தடை. அதன் இடத்துக்கு வந்திருப்பவற்றில் முக்கியமானது ஜெல். கீல் இடுக்கிலும் சிங்குக்கு அடியிலும் கடுகளவு கடுகளவாகப் புள்ளி வைப்பது. நெடி கிடையாது, சமையலறையைக் காலி செய்ய வேண்டியதில்லை. தின்ற கரப்பான் மறைவிடத்துக்குப் போய்ச் சாகும். அதைத் தின்னும் மற்றவையும் சாகும். சமையலறைகளில் பெருகும் சின்னக் கரப்பான் தன் முட்டைப் பையை, உள்ளே முப்பது நாற்பது முட்டைகளோடு, பொரியும் தறுவாய் வரை சுமந்துகொண்டே திரிவதால் ஒரே நாள் வேலையில் கதை முடிவதில்லை. மூட்டைப்பூச்சியும் அப்படித்தான்: முட்டைக்கு மருந்து அவ்வளவாக எட்டாது, ஒரு வாரம் பத்து நாளில் அது பொரியும், அதனால் இரண்டு வாரத்துக்குள் இரண்டாம் தடவை வந்தே ஆக வேண்டும். நல்ல வேலை என்பது நெடியில்லாத மருந்து, பொறுமையான கை, இரண்டாம் வருகை. மூன்றும் செலவு, மூன்றும் கண்ணுக்குத் தெரியாதவை. ஒரே தடவை வந்து வீடு முழுக்க நெடியேற அடித்துவிட்டுப் போகிறவர்தான் வாடிக்கையாளர் கண்ணுக்கு வேலைக்காரராகத் தெரிகிறார்.

சந்தை முழுவதும் இப்படி என்று சொன்னால் அது பொய். உணவு வணிகத்தை எடுத்துக்கொள்வோம். 2011-ம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு உரிம ஒழுங்குமுறைகளில் நான்காம் அட்டவணை பூச்சிக் கட்டுப்பாட்டை உணவகங்களின் கடமையாக்குகிறது. இதனால் வருட ஒப்பந்தம் என்ற நிலையான வரவு பிறந்தது. நாலைந்து உணவகமும் ஒரு பேக்கரியும் கையில் இருந்தால் ஒரு சிறு நிறுவனம் மாதச் சம்பளம் போட்டுவிடலாம். ஆனால் இங்கே வாங்கப்படுவது பல நேரங்களில் சுவரில் மாட்டும் சான்றிதழ். ஆய்வுக்கு வருபவர் காகிதத்தைப் பார்ப்பார். கிரைண்டருக்கு அடியில் குனிந்து பார்ப்பது அவர் மனசைப் பொறுத்தது. அடுக்குமாடிக் கட்டுமானத்திலும் இதேதான்: கரையான் மருந்துக்குப் பணம் தருபவர் கட்டுநர், பின்னால் கரையானோடு வாழப்போகிறவர் வேறொருவர். இதற்கு நேர்மாறான ஒரு மூலை துறைமுகம். ஏற்றுமதிச் சரக்கோடு போகும் மரப்பெட்டி, மரப்பலகை எல்லாம் பூச்சி நீக்கம் செய்யப்பட வேண்டும் என்பது ஐ.எஸ்.பி.எம். 15 என்ற உலக விதி. மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரியில் 30 நிமிடம் சூடாக வேண்டும், அல்லது மீதைல் புரோமைடு புகையூட்ட வேண்டும். செய்பவர் மத்தியத் தாவரப் பாதுகாப்பு இயக்ககத்தின் அங்கீகாரம் பெற்றவராக இருக்க வேண்டும்; அவருடைய எண் முத்திரையாக மரத்திலேயே பதிகிறது. தூத்துக்குடியில் ஏறிய பெட்டியில் அயல்நாட்டுத் துறைமுகத்தில் உயிருள்ள வண்டு கிடைத்தால், முத்திரையைப் பார்த்து யார் வேலை என்று சொல்லிவிடலாம். சரக்கு திரும்பும், அங்கீகாரமும் போகும். வேலை செய்பவர்கள் இதே ஊர்க்காரர்கள், கூலி வாங்கும் ஆட்களும் இதே வகைதான். வேறுபாடு ஒன்றுதான்: அங்கே வேலையில் பெயர் ஒட்டிக்கொண்டே போகிறது, மறுமுனையில் பார்ப்பவரும் இருக்கிறார்.

ஆகவே உரிமக் கட்டணத்தைக் கூட்டுவதோ நிறுவனத்திடம் இன்னும் நாலு காகிதம் கேட்பதோ இந்த நோய்க்கு மருந்தல்ல. கைக்குச் சான்று வேண்டும், வேலைக்குச் சீட்டு வேண்டும். சிங்கப்பூர் 1998-ம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இதை மூன்று தட்டாகப் பிரித்திருக்கிறது: நிறுவனத்துக்குப் பதிவு, மேற்பார்க்கும் தொழில்நுட்பருக்கு உரிமம், மருந்தடிக்கும் தொழிலாளிக்குச் சான்றிதழ். தொழிலாளியின் சான்றிதழுக்குப் பட்டம் தேவையில்லை. பயிற்சியும் தேர்வும் போதும். இங்கேயும் பட்டத்தை மேற்பார்வையாளரோடு நிறுத்திக்கொண்டு, அடிக்கும் ஆளுக்குத் தமிழில் ஒரு வாரப் பயிற்சியும் தேர்வும் அட்டையும் தரலாம்; ஐ.டி.ஐ.களும் வேளாண் பல்கலைக்கழகத்தின் மையங்களும் அதற்குப் போதுமானவை. வேலைச் சீட்டில் மருந்தின் பெயர், கலவை அளவு, மொத்தம் எத்தனை லிட்டர், எங்கெங்கே, எத்தனை மணி நேரம் உள்ளே போகக் கூடாது, அட்டை எண் என்ன என்று ஆறு வரி இருந்தால் போதும். கட்டிய வீட்டில் தரையும் சுவரும் சேரும் இடத்தில் 30 சென்டிமீட்டருக்கு ஒரு துளை போட வேண்டும் என்கிறது அதே ஐ.எஸ். 6313-ன் மூன்றாம் பகுதி. 10-க்கு 12 அடி அறையில் வாசலை விட்டுவிட்டு நாற்பது துளை வரும். சீட்டில் நாற்பது என்று எழுதியிருந்தால் எட்டு வயதுப் பிள்ளைகூட எண்ணிப் பார்த்துவிடும்.

இதற்கு வரும் மறுப்புகளில் வலுவானது, ஒழுங்குமுறை கூடினால் சிறியவர் சாவார், பெரிய நிறுவனம் வாழும் என்பது. பன்னாட்டு நிறுவனமான ரென்டோகில் 2017-ல் இந்தியப் பூச்சிக் கட்டுப்பாட்டு நிறுவனமான பி.சி.ஐ.யோடு கூட்டுச் சேர்ந்ததிலிருந்து உள்ளூர்க்காரர்களிடம் இந்த அச்சம் இருப்பதில் வியப்பில்லை. ஆனால் இன்றைய ஏற்பாடுதான் பெரியவருக்குச் சாதகம். தரத்தைக் காட்ட வேறு வழி இல்லாத சந்தையில் விளம்பரமும் பெயரும்தான் நம்பிக்கை. அவற்றை வாங்கும் காசு சிறியவரிடம் இல்லை. பையனின் அட்டையும் ஆறு வரிச் சீட்டும் அவருக்குச் சில நூறு ரூபாய்ச் செலவில் கிடைக்கும் பெயர். பட்டமில்லாத அனுபவசாலிக்கு முதல் தடவையாகச் சொந்த அடையாளமும் கிடைக்கிறது. செல்போன் செயலிகள் இந்தச் சிக்கலைத் தீர்த்துவிட்டன என்றும் சிலர் சொல்கிறார்கள். வந்த நேரம், பேசிய விதம், துடைத்துவிட்டுப் போனாரா என்பதற்கெல்லாம் ஐந்து நட்சத்திரம் பொருத்தம்தான். மருந்தின் அளவுக்கு நட்சத்திரம் போட வாடிக்கையாளருக்குத் தெரியாதே. அவருக்குத் தெரியாததைச் செயலி எங்கிருந்து கொண்டுவரும்?

அட்டை என்றால் லஞ்சம், சீட்டு என்றால் பொய்க்கணக்கு என்ற மறுப்பை அப்படித் தள்ளிவிட முடியாது. அட்டை விற்பனைக்கு வரும் என்பதை நானும் நம்புகிறேன். நம் ஊரில் ஓட்டுநர் உரிமம் கிடைக்கும் விதம் யாருக்குத் தெரியாது? சீட்டை நான் அட்டையைவிடப் பெரிதாக நினைப்பது அதனால்தான். அதைச் சரிபார்ப்பவர் அலுவலர் அல்ல, பணம் கொடுப்பவர். 465 லிட்டர் என்று எழுதிவிட்டு இரண்டு தெளிப்பானோடு நிறுத்தினால் பக்கத்தில் நிற்பவர் கேட்பார். நிற்காவிட்டாலும், பின்னாளில் நுகர்வோர் ஆணையத்தில் அந்தக் காகிதம் நிற்கும். இன்று அங்கே போகிறவர் கையில் 'கரையான் ட்ரீட்மென்ட்' என்று ஒற்றை வரி போட்ட பில்தான் இருக்கிறது. வாடிக்கையாளருக்கு இதெல்லாம் வேண்டாம், மலிவுதான் வேண்டும் என்ற வாதமும் எனக்கு முழுதாகப் புரிகிறது. அவருக்கு இதுவரை மலிவைத் தவிர வேறெதையும் யாரும் ஒப்பிடக் கொடுத்ததில்லை.

1968-ம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2008-லும் 2020-லும் பூச்சிக்கொல்லி மேலாண்மை மசோதாக்கள் நாடாளுமன்றத்துக்கு வந்தன. பூச்சிக் கட்டுப்பாட்டாளர் என்ற சொல்லைவிடப் பயிருக்கு அடிக்கும் மருந்தும் போலி மருந்தும்தான் அவற்றைப் பற்றிய பேச்சில் இடம்பிடித்தன. புதுச் சட்டத்துக்கான காத்திருப்பு எவ்வளவு நீண்டாலும், அரசு தன் சொந்தக் கட்டடங்களுக்குக் கரையான் மருந்து அடிக்கும்போது எதையும் நம்பிக்கைக்கு விடுவதில்லை. மத்தியப் பொதுப்பணித் துறையின் விவரக்குறிப்புப்படி, மருந்து முத்திரை உடையாத டப்பாவில் வேலையிடத்துக்கு வர வேண்டும். பொறியாளரும் ஒப்பந்ததாரரும் சேர்ந்த கூட்டுக் காவலில் இருக்க வேண்டும். வேலை முழுதும் முடியும் வரை காலி டப்பாக்களை வெளியே எடுத்துப் போகக் கூடாது. பத்து வருடத்துக்கு எழுத்தில் உத்தரவாதம் தர வேண்டும். இதைத் தனியார் வீட்டு ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளப் புதுச் சட்டம் ஒன்றும் வேண்டாம். மழை ஈரம் காயாத மண்ணில் அடிக்கக் கூடாது என்று ஒரு வரியும், காலி டப்பாக்களை எண்ணித்தான் கடைசித் தவணை என்று இன்னொரு வரியும் சேர்த்தால், 23 லிட்டர் மருந்துக்கு எத்தனை டப்பா என்று கொத்தனாருக்கே கணக்குத் தெரிந்துவிடும்.